தையற்காரியின் வாக்குரிமை

“நம் பெண்களுக்கு ஓட்டு இனாமாகக் கிடைத்துவிட்டது, அதற்காக எவளும் சிறை புகவில்லை, ஆதலால் அதன் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை” என்று மேடையேறிப் பேசும் பெரியோர் நம்மிடையே உளர். அருமை அறியாதவர் யார் என்பதைச் சற்று ஆராய்வோம்.

தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்துக் குடிகள் இலட்சக்கணக்கில் மடிந்தபோது இந்தியாவின் வைசிராயாக இருந்தவர் லிட்டன் பிரபு. அவர் புதல்வி கான்ஸ்டன்ஸ் அம்மையார் இங்கிலாந்தில் பெண்கள் வாக்குரிமைப் போரில் இறங்கினார். 1909 அக்டோபரில் நியூகாசில் சிறையில் உண்ணாவிரதம் இருந்த அவரை, இருதயம் பலவீனமென்று காட்டி விரைவில் விடுவித்தனர். அங்கிருந்த பட்டமில்லாப் பெண்கள் சிலருக்கோ பலவந்தமாகக் குழாய் வழியே உணவு புகட்டினர்.

இவ்வஞ்சகத்தை அம்பலப்படுத்தத் துணிந்த அம்மையார், கூந்தலைக் குறைத்து, மலிந்த ஆடை தரித்து, ஜேன் வார்ட்டன் என்னும் ஏழைத் தையற்காரியாக 1910 ஜனவரியில் லிவர்பூலில் கைதானார். இருதயம் அதேதான், பெயர்தான் வேறு. வால்ட்டன் சிறையில் அதைச் சரிவரச் சோதிப்பார் இல்லை. எட்டு முறை குழாய் செலுத்தினர். 1912-ல் பக்கவாதம் அவரைத் தாக்கிற்று. வலக்கை வழங்காமற்போகவே இடக்கையால் எழுதித் தம் சிறை வரலாற்றை 1914-ல் வெளியிட்டார், 1923-ல் மறைந்தார்.

இத்தனை பேர் பட்ட பாட்டிற்குப் பின் வந்த 1918-ஆம் வருஷத்துச் சட்டம் செய்ததென்ன? முப்பது வயது நிரம்பிச் சொத்துத் தகுதியும் உடைய பெண்களையே ஏற்றது. சீமாட்டி உள்ளே, தையற்காரி வெளியே! ஆணுக்குச் சமமான வாக்குரிமை பெற அவள் 1928 வரை காத்திருந்தாள்.

அங்கே சொத்து செய்த வேலையை இங்கே குடியுரிமைத் தாள் செய்தது. 1955-ல் மலாயாவின் முதல் பொதுத்தேர்தலில் சட்டம் ஆண் பெண் பேதம் பாராட்டவில்லை; ஆயினும் வாக்காளருள் இந்தியர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்வாளி சுமந்தவளிடம் குடியுரிமை விண்ணப்பத்தை எடுத்துச் சென்று விளக்கியவர் எத்தனை பேர்? இந்நாட்டு ரப்பரை உலகெங்கும் அனுப்பிய கைகளுள் பல, சிவப்பு அடையாள அட்டையையே பற்றி நின்றன. சிலர் முதுமையில் நீல அட்டை கண்டனர். காணாமலே கண் மூடினோரும் உண்டு. 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயதுப் பேத்தி தானே வாக்காளராகிறாள். சிவப்பு அட்டைப் பாட்டியோ லயத்து வாசலில் நின்று அவளை வழியனுப்புகிறாள்.

இவளா ஓட்டின் அருமை அறியாதவள்? ஐந்தாண்டுக்கொருமுறை அரிசி மூட்டையோடு வந்து, வீட்டு ஆண்பிள்ளையிடம் பேரம் பேசிவிட்டுப் போகிறவர்களே அதை அறியாதவர்கள்!

மேடைப் பெரியோர்காள்! பெண்கள் சிறை செல்லவில்லையென்று குறை கூறுவதை விடுங்கள். தோட்டந்தோறும் செல்லுங்கள். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்று, பழைய செக்ரோல் எது கிட்டினும் திரட்டுங்கள். அட்டையில்லாதவளின் பெயரை எழுதிப் பதிவிலாகாவின் கதவைத் தட்டுங்கள். அது திறக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.