தைராய்டு மாத்திரை கையில், கண்காணிப்பு எங்கே?

பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, வந்த உதிரப்போக்கு நிற்காமல் போனாலோ, ‘தைராய்டா இருக்குமோ?’ என்ற பயம் வீட்டில் வந்துவிடுகிறது. பயத்தில் நியாயம் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தால் மாதவிலக்கு தாறுமாறாகும், உதிரப்போக்கும் கூடும். அதற்கான தைராக்ஸின் நல்ல மருந்து, விலையும் குறைவு. குறையெல்லாம் அதைக் கொடுத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

மாத்திரை தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையை மறுபடி செய்து, மருந்தின் அளவைச் சரிபார்க்க வேண்டும். வளரும் பெண்ணுக்கு அந்த அளவு மாறிக்கொண்டே இருக்கும். நடப்பது என்ன? பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே மாத்திரையை வருஷக்கணக்கில் வாங்குகிறார்கள். அளவு கூடினால் படபடப்பும் கைநடுக்கமும் வரும். மாதவிலக்கு குறைந்தும் போகலாம். அளவு போதாவிட்டால் பழைய தொல்லை தொடரும். ‘இப்பதான் சரியாயிடுச்சே’ என்று தாங்களாகவே நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு.

இன்னொரு கோளாறு, மாத்திரை சாப்பிடும் நேரம். தைராக்ஸினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். டீ, காபி, பலகாரம் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். உதிரப்போக்கால் ரத்தசோகை வந்த பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் தருவார்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தைராக்ஸின் உடலில் சரியாகச் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் இதே விதிதான். ஓ.பி. வரிசையின் நெரிசலில் இதை உட்கார வைத்துச் சொல்ல ஆளில்லை.

மாதவிலக்கு தள்ளிப்போகும் எல்லாப் பெண்ணுக்கும் தைராய்டு இருக்கும் என்றும் இல்லை. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பானதே. மூன்று மாதம் வராமல் இருந்தாலோ, ஏழு நாளைத் தாண்டி உதிரம் போனாலோ காரணம் தேட வேண்டும். அதை விட்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் ‘வரவைக்கிற மாத்திரை’ விற்பது பெண்பிள்ளைகளின் உடம்போடு விளையாடுவதாகும்.

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு பள்ளிகளுக்கு வருகிறது. வளரிளம் பருவத்தினரிடம் அது கேட்க வேண்டியவற்றில் ஒழுங்கற்ற மாதவிலக்கும் ஒன்று. சக மாணவர்கள் நிற்கும் வகுப்பறையில் எந்தப் பெண் வாய் திறப்பாள்? தனி அறையில், பெண் ஊழியர் கேட்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்த மாதிரி எடுத்து, முடிவைச் செல்போனில் தெரிவித்தால், ஒரு பரிசோதனைக்காகத் தாய் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. மாத்திரையோடு நேரத்தையும் இடைவெளியையும் அச்சிட்ட தமிழ்ச் சீட்டு கொடுக்க வேண்டும். ரத்த அழுத்த, சர்க்கரை நோயாளிகளுக்காக 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள், இந்தப் பெண்களின் மறுபரிசோதனைத் தேதியையும் குறித்துவைத்து நினைவூட்டலாம்.

இவற்றில் எதற்கும் புதுக் கட்டடமோ புது இயந்திரமோ தேவையில்லை. சுகாதாரத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து ஓர் உத்தரவு போட்டால் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.