ஓட்டமும் பட்டமும்

அம்பிட்டிய மேட்டுப் பாதைகளில் ஓடிப் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்குள்ள கவலையை நாம் அறிவோம்: படிப்பு என்னாவது? 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், அமெரிக்காவில் பட்டமும், பின்னர் கோர்னெலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அங்கே விளையாட்டு மாணவர் எத்தனைபேர் இவ்வாறு பட்டம் பெறுகின்றனர்? அது எண்ணும் முறையைப் பொறுத்தது.

அமெரிக்க அரசின் கணக்கு, சேர்ந்த கல்லூரியிலேயே ஆறாண்டுக்குள் முடித்தவரை மட்டும் தேறியவராகக் கொள்ளும். வேறு கல்லூரிக்கு மாறி அங்கே பட்டம் பெற்றவனும் தவறியவனாம்! இது எவ்வகை நியாயமோ? கல்லூரி விளையாட்டுச் சங்கமோ, நல்ல புள்ளிகளுடன் விலகியவரை நீக்கி, மாறி வந்தவரைச் சேர்த்துக்கொள்ளும், வீதம் உயர்ந்துவிடும். ஆனால் அவ்வாறு விலகிப் பின் எங்குமே பட்டம் பெறாதவன் அக்கணக்கில் காணாமலே போகிறான். புலமைப்பரிசில் கடிதம் வருமாயின், பெற்றோர் அவனைப் பற்றியே முதலில் விசாரிக்கட்டும்.