கொல்லைப்புறத்து அமானிதம்



திருத்தணி மலையடிவாரத்தில் விடியற்காலையில் மூன்று ஒலிகள் எழும். சென்னையிலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில் ஓடும் வண்டியின் ஊதல் ஒன்று. பள்ளிவாசலிலிருந்து மிதந்து வரும் பஜ்ரு பாங்கு ஒன்று. இவ்விரண்டுக்கும் முந்திக்கொண்டு, ஊரையே தான்தான் எழுப்புவதாக எண்ணிக் கொல்லைச் சுவரின்மேல் நின்று கழுத்தை நீட்டிக் கூவும் எங்கள் வீட்டுச் சேவலின் குரல் மற்றொன்று.

சேவல் கூவக் கேட்டால் அல்லாஹ்வின் அருளை வேண்டிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அது வானவரைக் கண்டு கூவுகிறது என்பதும் அவர்கள் அறிவித்த செய்தியே. தொழுகைக்கு எழுப்பும் பறவையாதலால் அதனை ஏசலாகாது என்றும் தடுத்திருக்கிறார்கள். இரவெல்லாம் கண்விழித்துக் குழந்தையைப் பார்த்துவிட்டு, அப்போதுதான் கண்ணயர்ந்த வேளையில் அந்தக் கூவல் கேட்டு, நாவின் நுனிவரை வந்த கடுஞ்சொல்லை விழுங்கிக்கொண்ட நாட்கள் எனக்கும் உண்டு. உங்களுக்கும் இருக்கலாம்!

கோழியும் கோடியும்

எங்கள் ஊர் எல்லையூர். 1953-ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அப்பக்கம் போய்விட்ட திருத்தணி, ம.பொ.சி. அவர்கள் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் அவர்களின் பரிந்துரையின்படியும் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தது. ஆனால் தெருக்களில் இரண்டு மொழிகளும் பிரியாமலே இருந்துவிட்டன. எங்களுக்கு வலப்புறத்து வீட்டில் தமிழ்; இடப்புறத்து வீட்டில் தெலுங்கு. தெலுங்கில் கோழிக்குப் பெயர் 'கோடி'. "நாம் கோழி வளர்க்கிறோம், அவர்கள் கோடி வளர்க்கிறார்கள். பணக்காரர் யாரென்று நீயே சொல்!" என்று என் பாட்டியார் சிரிப்பார்.

மலைமேல் கோயில் கொண்ட முருகனின் கொடியிலும் சேவல்தான் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் சாரிசாரியாக வரும் நாட்களில் பம்பை ஓசைக்கு மிரண்டு எங்கள் கோழிகள் கூட்டுக்குள் பதுங்கிக்கொள்ளும். அந்நாட்களில் எங்கள் வீட்டில் கோழி அறுப்பதில்லை. எவரும் எங்களிடம் கேட்டுக்கொண்டதன்று. பக்கத்து வீட்டார் விரதம் இருக்கையில் நம் அடுப்பின் மணம் சுவர் தாண்டிப் போக வேண்டாமே என்று பாட்டியார் ஏற்படுத்திய வழக்கம் அது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி அவர் பயான் எதுவும் செய்ததில்லை. செய்து காட்டினார், அவ்வளவே.

இருபத்தொரு நாள்

கோழி வளர்ப்பதில் என்ன இன்பம் இருக்கிறது என்று கேட்பவர்கள், அடைக்கோழி ஒன்றின் அருகே சிறிது நேரம் அமர்ந்து பார்க்கட்டும். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டைகள் இட்டபின் குரலை மாற்றிக்கொள்ளும். 'க்ளக், க்ளக்' என்று அடித்தொண்டையில் ஓசையிட்டுக்கொண்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, முட்டையிட்ட இடத்தை விட்டு எழ மறுக்கும். கூடையில் தவிடோ மணலோ பரப்பி, வைக்கோல் இட்டு, பத்து அல்லது பன்னிரண்டு முட்டைகளை மாலை மங்கிய பிறகு அதன் அடியில் வைக்க வேண்டும். இடிக்கு முட்டை கூழாகிவிடும் என்று கூடைக்குள் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போட்டு வைப்பது இப்பக்கத்துப் பெண்களின் பழக்கம். இரும்பு இடியைத் தடுக்குமா என்பது இருக்கட்டும். முட்டை கெடுவது பெரும்பாலும் பழைய முட்டையாலும் வெயில் வெப்பத்தாலும்தான். ஏழாம் நாள் இரவில் கைவிளக்கின் ஒளியில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், உள்ளே சிலந்திவலைபோல் சிவந்த நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாத முட்டையை எடுத்துவிடலாம்.

அடை வைத்ததிலிருந்து இருபத்தொரு நாள் காத்திருப்பு. தாய் நாளுக்கு ஒரு முறை எழுந்து, அள்ளி அள்ளித் தின்று, நீர் பருகி, புழுதியில் ஒரு புரளல் புரண்டு, முட்டை ஆறிவிடும் முன்னே ஓடி வந்து அமர்ந்துவிடும். உடல் மெலியும், கொண்டை வெளிறும். கடைசி நாட்களில் ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சுகள் கீச்சிடும். தாய் மெல்லிய குரலில் விடை சொல்லும். பிறவாத பிள்ளையோடு பேசும் அந்தத் தாயைக் காணும்போதெல்லாம், பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் பொருள்பட அமைந்த அல்அன்ஆம் அத்தியாயத்து 38-ஆம் வசனம் என் நினைவுக்கு வரும்.

நாமக்கல் பண்ணைகளில் கூண்டுக்குள் நிற்கும் கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடுகிறது. நம் கொல்லைக் கோழி அதில் கால் பங்கு இட்டாலே பெரிது. ஆனால் பண்ணைக் கோழிக்கு அடை காக்கும் இயல்பே அற்றுப் போய்விட்டது. நம் கோழியோ நொய்யும், சிந்திய சோறும், புழு பூச்சியும் தின்று, முட்டையும் தந்து, தன் வம்சத்தையும் தானே வளர்க்கிறது. பெண்களின் கையில் கணக்குக் கேட்கப்படாத நான்கு காசு புழங்குவதும் அதனால்தான். நோட்டுப் புத்தகம், பேருந்துக் கட்டணம், நோன்புப் பெருநாள் வளையல் என்று எத்தனையோ சிறு செலவுகளை முட்டைக் காசு தாங்கியிருக்கிறது.

கண்ணீரும் உண்டு

இன்பம் மட்டுமே என்று சொன்னால் பொய்யாகும். பருந்தின் நிழல் தரையில் ஓடினால் தாய் ஒரு குரல் கொடுக்கும். கீரியோ பூனையோ வந்தால் வேறொரு குரல் கொடுக்கும். முதற் குரலுக்குக் குஞ்சுகள் சிறகின் அடியில் ஓடி மறையும். அப்படியும் ஒன்று குறையும். அன்று முழுவதும் தாய் கொல்லையைச் சுற்றிச் சுற்றி வரும்.

பிள்ளைகளின் துயரம் வேறு வகையினது. பெயர் வைத்து, கையால் தீனி கொடுத்து வளர்த்த சேவலை ஒரு நாள் அறுக்க வேண்டி வரும். "வேண்டாம் அத்தா!" என்று என் இளைய மகள் வாசற்படியில் அமர்ந்து அழுதாள். அவளுடைய அத்தா அதட்டவில்லை. கத்தியை நன்கு தீட்டினார். அதையும் அந்தப் பறவையின் கண்ணில் படாமல் உள்ளே வைத்துத் தீட்டினார். மற்றக் கோழிகள் பார்க்காத இடத்திற்கு அதனை எடுத்துச் சென்றார். உண்பதற்கு அனுமதித்த மார்க்கம், வேதனைப்படுத்த அனுமதிக்கவில்லை என்பதைப் பிறகு அவளுக்கு எடுத்துச் சொன்னார். உயிருள்ள கோழியைக் கட்டி வைத்து அம்பெய்து பழகியோரை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த வரலாற்றையும் கூறினார். அவள் அன்று உண்ணவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. இரக்கம் பிள்ளையின் நெஞ்சில் இருப்பது நல்லதுதானே!

நான் செய்த பிழை

இத்தனையும் எழுதிவிட்டு, எழுதத் தயங்கும் ஒன்றை மறைத்தால் இந்தப் பக்கத்திற்கு நான் உண்மையானவள் ஆகமாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பொங்கல் கழிந்த சில நாட்களில் எங்கள் பெட்டைக்கோழி ஒன்று இறகு தொங்கி, கண் மூடி, மூலையில் நின்றது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, வெள்ளைக் கழிச்சல் என்று. அப்போது எங்களிடம் பதினான்கு கோழிகள் இருந்தன. மகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம் அது. அன்று மாலையே இடப்புறத்து வீட்டுச் சகோதரி வந்தாள். கணவரை இழந்து, ஒரே மகனைப் படிக்க வைத்துக்கொண்டிருப்பவள். "அக்கா, முட்டைக்கு ரெண்டு பெட்டை குடுங்க" என்று சேர்த்து வைத்த பணத்தை நீட்டினாள்.

நலமாகத் துள்ளித் திரிந்த இரண்டைப் பிடித்துக் கொடுத்தேன். நோயுற்றதை அல்லவே கொடுத்தோம் என்று மனத்திற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூலையில் நின்ற கோழியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் அவளுடைய கோழிகள் கழுத்துத் திருகி விழத் தொடங்கின. நான் கொடுத்த இரண்டும், அவளிடம் முன்பே இருந்த ஏழும், ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கள் கொல்லையிலும் ஒரு பெட்டையும் சேவலும் தவிர யாவும் மாண்டன. அவள் சண்டைக்கு வரவில்லை, சகோதரிகளே! "உங்க கோழிங்களும் போயிடுச்சாமே அக்கா" என்று எனக்கு ஆறுதல் சொல்ல வந்தாள். அவள் ஏசியிருந்தால் அன்றிரவு நான் உறங்கியிருப்பேன்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்ட நிகழ்ச்சியைச் சிறு வயது முதலே கேட்டு வந்திருக்கிறேன். நோயுற்ற ஒட்டகத்தின் சொந்தக்காரர் அதனை நலமான ஒட்டகங்களிடம் கொண்டுவரலாகாது என்று அவர்கள் தடுத்ததும் அறிந்ததுதான். அறிந்தது வேறு, அன்று என் கையில் பணம் விழுந்தபோது நான் செய்தது வேறு.

மறுநாள் காலை சென்று உள்ளதைச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தெரிஞ்சிருந்தா தனியா கட்டி வெச்சிருப்பேனே அக்கா" என்றாள். அவ்வளவுதான். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

வாங்கிய விலையைத் திருப்பிக் கொடுத்தேன். அவளுடைய ஏழு கோழிகள் என் பொறுப்பில் நின்றன. கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துப் பல வாரம் வெறுமையாக விட்டோம். பங்குனியில் எஞ்சிய பெட்டை அடைக்கு அமர்ந்தது. பன்னிரண்டு முட்டையில் பத்துப் பொரித்தன. ஒன்றைக் காகம் கொண்டு போயிற்று. மீதி ஒன்பதற்கும் தடுப்பு மருந்து இட்டு வளர்த்து, ஆடி பிறக்கும் முன் ஏழை அவள் கூடையில் வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். எங்களுக்குள் பழைய பேச்சு திரும்பியது அன்றுதான்.

வருமுன் காப்போம்

வெள்ளைக் கழிச்சல் இன்று நேற்று வந்ததன்று. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரப் பகுதியிலும், 1927-இல் இமயமலைச் சாரலின் இராணிகேத்திலும் இந்நோய் கண்டறியப்பட்டது. அதனால்தான் இராணிகேத் நோய் என்றும் அழைக்கிறார்கள். இது வைரஸ் கிருமியால் வருவது. வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. சீரகம், மஞ்சள், வெங்காயம் அரைத்துக் கொடுப்பதைத் தடுப்பூசிக்கு ஈடாக எண்ணி ஏமாற வேண்டாம்.

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. எட்டாம் வாரத்தில் இறக்கையின் அடியில் தோலுக்குள் ஊசி. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே எடுத்து வர வேண்டும். வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். அரசு கால்நடை மருந்தகங்களில் இலவசமாகவே போடுகிறார்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் ஊர்தோறும் முகாமும் நடக்கிறது. அந்நாளில் பக்கத்து வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் கோழிக்கு மட்டும் போட்டுக்கொண்டு தெருவைக் காக்க இயலாது.

புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பாருங்கள். நோய் கண்டபின் அவசர அவசரமாகச் சந்தைக்கு அனுப்பாதீர்கள், அறுத்து விற்காதீர்கள். இறந்ததைக் குப்பையில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கொசுவால் பரவும் அம்மைக்குத் தண்ணீர் தேங்காமல் பாருங்கள். செள் பற்றாதிருக்கச் சாம்பல் கலந்த புழுதியில் கோழிகள் புரள இடம் கொடுங்கள்.

பல கோழிகள் ஒருசேரத் திடீரென மடிந்தால், வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். 2006-இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் இந்நாட்டுக்குள் முதலில் கண்டறியப்பட்ட பறவைக் காய்ச்சல், 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்திலும் 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களிலும் தோன்றியது. மாநில எல்லையை நாம் பேசித் தீர்த்து 1960-இல் வரைந்துகொண்டோம். நோய்க்கு அந்தக் கோடு தெரியாது.

சகோதரிகளே! கொல்லையில் மேயும் கோழி நம் உடைமை என்று நினைக்கிறோம். அது படைத்தவன் சில காலம் நம் கையில் விட்டு வைத்த அமானிதம். அதன் தீனிக்கும் தாகத்திற்கும் மட்டுமன்று, அதனால் அடுத்த வீட்டுக் கூடைக்கு நேரும் நலத்திற்கும் கேட்டிற்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

நாளை விடியலில் சேவல் கூவும்போது அல்லாஹ்வின் அருளை வேண்டுங்கள். அந்த துஆவில் அடுத்த வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.