மையக் கருத்து முதல் வரியில்தான் இருக்குமா?



தேர்வு நெருங்கிவிட்டால் நம் சேலம், நாமக்கல் பக்கம் வீட்டுக்கு வீடு மனப்பாடச் சத்தம்தான். அதில் எனக்குக் குறை இல்லை. வாய்ப்பாடும் செய்யுளும் மனப்பாடமாகத்தான் வர வேண்டும். ஆனால் பத்தியைப் படித்து மையக் கருத்தை எழுதச் சொன்னால், அதற்கும் பிள்ளைகளிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது: "முதல் வரியை எழுது. இல்லாவிட்டால் கடைசி வரியை எழுது." இந்தக் குறுக்கு வழியை நாம் நிறுத்தியே ஆக வேண்டும்.

ஏன் என்று பாருங்கள். நமக்குத் தெரிந்த விஷயத்திலேயே ஒரு பத்தி:

"மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. இதன் முழு நீர்மட்டம் 120 அடி. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பது வழக்கம். 2022-ல் நீர் இருப்பு நன்றாக இருந்ததால் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூன் மாதம் இருப்பு போதாததால் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள்."

சூத்திரப்படி எழுதும் பிள்ளை, "அணை 1934-ல் கட்டப்பட்டது" என்று எழுதும். தப்பு. கடைசி வரியும் தப்புதான். தண்ணீர் திறக்கும் நாளை முடிவு செய்வது நாட்காட்டி அல்ல, அணையில் இருக்கும் தண்ணீர். இதுதான் மையக் கருத்து. இது பத்தியில் எந்த வரியிலும் இல்லை, எல்லா வரியையும் சேர்த்துப் படித்தால்தான் கிடைக்கும்.

நான் வகுப்பில் மூன்று கேள்விதான் கேட்பேன். எதைப் பற்றிச் சொல்கிறார்? அதைப் பற்றி என்ன சொல்கிறார்? எதை வைத்துச் சொல்கிறார்? முதல் கேள்விக்கு விடை தலைப்பு. இரண்டாவது மையக் கருத்து. மூன்றாவது துணைக் கருத்துகள். முதலிரண்டையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். "மேட்டூர் அணை" என்பது தலைப்பு மட்டுமே, கருத்து ஆகாது.

கருத்து பந்தல் என்றால், துணைக் கருத்துகள் அதைத் தாங்கும் கால்கள். ஒரு வரியை எடுத்துவிட்டுப் பாருங்கள். 1934-ஐ எடுத்தால் பந்தல் அசையாது. 2022, 2024 இரண்டையும் எடுத்தால் விழுந்துவிடும். எது கால், எது வெறும் தோரணம் என்று பிள்ளைக்கே புரியும்.

இது வெளியிலிருந்து வந்த பாடமும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் காண்டிகையுரைக்கு இலக்கணம் சொல்லும்போது, கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்றுதான் அடுக்குகிறார். கருத்து முதலில், அதற்குக் காட்டு தனியாக.

மதிப்பெண்ணுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு இதே பிள்ளை கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும். "குறைந்த வட்டி" என்று மேலே பெரிதாக இருக்கும். தவணை தவறினால் என்ன ஆகும் என்பது கீழே ஒரு மூலையில் இருக்கும். முதல் வரியை மட்டும் படித்துப் பழகிய கண் அங்கே போகாது. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியும் அப்படித்தான். பெரிய பந்தல், ஒரு கால்கூட இருக்காது. ஆனாலும் அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம்.

2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நோக்கமே 8 வயதுக்குள் பிள்ளைகள் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்பதுதான். நல்ல நோக்கம். அது மேல்வகுப்பு போனதும் நோட்ஸுக்குள் புதைந்துவிடக் கூடாது.

பெற்றோர்களே, தினம் பத்து நிமிடம் போதும். செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தியைப் படிக்கச் சொல்லுங்கள். தலைப்பை மறைத்துவிட்டு, "இதுக்கு நீ ஒரு தலைப்பு வை கண்ணு, ஏன் அப்படி வெச்சேன்னும் சொல்லு" என்று கேளுங்கள். அந்த "ஏன்" முக்கியம்.

ஆசிரிய நண்பர்கள் உங்கள் வகுப்பில் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள் என்று எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.