ஜனாஸா வீட்டிற்கு அனுப்பிய உணவு



பட்டாபிராமில் நாங்கள் வசிக்கும் தெருவில் சென்ற ஆண்டு ஓர் இளைஞர் வஃபாத்தானார். முப்பது வயது நிரம்பாதவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்து வந்தார். மூன்று மாதங்களாக இருமல், மாலை நேரத்துக் காய்ச்சல், நாளுக்கு நாள் மெலிவு. காசநோய் என்று உறுதியானபோது அக்குடும்பம் அதனை எவரிடமும் சொல்லவில்லை. தங்கைக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. வேலை நின்றது, வருமானமும் நின்றது. மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் ஜனாஸா.

துயருற்ற வீட்டாருக்கு அண்டை அயலார் உணவு சமைத்து அனுப்புவது நமக்குக் கற்றுத்தரப்பட்ட நன்னெறி. அவ்வாறே மூன்று நாட்களும் தெருவிலுள்ள வீடுகள் முறைவைத்து உணவு அனுப்பினோம். நான்காம் நாள் அந்தத் தாயார் பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, “வேலை நின்னதுக்கு அப்புறம் எம்புள்ள கஞ்சியும் ஊறுகாயும்தாம்மா சாப்பிட்டான்” என்றார். எவரையும் குறை கூறும் தொனியில் அவர் அதனைச் சொல்லவில்லை. ஆயினும் அச்சொல் எங்களை விட்டு அகலவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது அந்த வீட்டிற்கு நாங்கள் ஒரு பாத்திரம் உணவும் அனுப்பியதில்லை.

ஆயுளை நிர்ணயிப்பவன் அல்லாஹ். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நோயுற்றவருக்கு ஆற்ற வேண்டிய கடமையில் நாம் தவறியதற்கு விதியைக் காரணம் காட்ட இயலாது. காசநோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு குறித்து அண்மைய ஆண்டுகளில் நம் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றைப் படித்த பிறகு, அத்தவறு எத்துணைப் பெரிது என்பது எங்களுக்கு மேலும் தெளிவாயிற்று. அதனைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

காசநோய் பழங்கதையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஒரு கோடியே எட்டு இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். பன்னிரண்டரை இலட்சம் பேர் உயிரிழந்தனர். நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர்.

இந்நோயின் சிகிச்சை வரலாற்றில் நம் சென்னைக்குத் தனியிடம் உண்டு. காசநோய் என்றாலே சானடோரியத்திற்கு அனுப்பிவிட வேண்டும் என்று உலகம் நம்பிய காலம் ஒன்றிருந்தது. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. 1956 இல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததே. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959 இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. நெருக்கடியான வீட்டில், எளிய உணவை உண்டு மருந்து எடுத்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். வீட்டில் வைத்துச் சிகிச்சை அளித்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. அதன் பின்னரே உலக நாடுகள் பலவும் நோயாளியை வீட்டிலிருந்து பிரிக்காமல் குணப்படுத்தும் முறைக்கு மாறின.

நோயாளியின் தட்டையும் குவளையையும் தனியே ஒதுக்கிவைக்கும் வீடுகள் நம்மிடையே இன்றும் உள்ளன. அவர்களுக்கான விடை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்நகரில் கிடைத்துவிட்டது. காசநோய் பாத்திரத்தாலும் துணியாலும் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியால் பரவுகிறது. உரிய மருந்தைத் தொடங்கிவிட்டால் பரப்பும் தன்மை விரைவில் பெருமளவு குறைகிறது. வீட்டிற்குத் தேவை திறந்த சன்னலும், இருமும்போது வாயை மூடும் பழக்கமும், தவறாத மருந்துமே.

மருந்து இருந்தால் எளிய உணவே போதும் என்று அவ்வாய்வு காட்டுகிறதே, பின் ஏன் உணவைப் பற்றிப் பேச வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்து வேலை செய்யுமா என்பதே அன்றைய வினா. மருந்து வேலை செய்யும் முன்பே இறந்துபோகிறவர் யார், அதே வீட்டில் அடுத்து நோயுறப் போகிறவர் யார் என்பவை இன்றைய வினாக்கள். இவ்விரண்டிற்கும் கிடைத்துள்ள விடை உணவையே சுட்டுகிறது.

ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்கேற்றது. நோயாளிகள் 2,800 பேர்; அவர்களுடைய வீட்டார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். நோயாளிகள் அனைவருக்கும் அரிசி, பருப்பு, பால்மாவு, எண்ணெய் அடங்கிய 10 கிலோ உணவுப்பொருள் மாதந்தோறும் வழங்கப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும் உணவு அளித்தார்கள்: பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, அத்துடன் சத்து மாத்திரை. அவ்வளவே. 2023 ஆகஸ்டில் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்திருந்தது. நோயாளிகளிடமும் ஒன்று தெரியவந்தது. முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. அங்கு சிகிச்சைக்கு வந்தவர்களில் ஐந்தில் நால்வர் ஊட்டச்சத்துக் குறைந்தவர்கள் என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

நமக்கு இன்னும் அருகில் நடப்பதைச் சொல்கிறோம். அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இயங்குகிறது. அதன் துணையோடு 2022 ஆம் ஆண்டில் தமிழக அரசு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்பதைத் தொடங்கியது. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையின் தொடக்க வாரங்களிலேயே இறக்கிறார்கள் என்பதே அதன் அடிப்படை. நோய் உறுதியான உடனேயே சிலவற்றைப் பார்க்க வேண்டும்: உயரத்திற்கு ஏற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சின் வேகம் என்ன, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா. ஆய்வுக்கூடம் தேவையில்லை, எடைக்கருவியும் விரலில் மாட்டும் சிறு கருவியும் போதும். அபாய நிலையில் இருப்பவரை மருத்துவமனையில் சேர்த்து, மருந்தோடு சத்துணவும் அளிக்கிறார்கள்.

நம் தெருவின் அந்த இளைஞர் எந்நிலையில் இருந்தார் என்பதை நாங்கள் அறியோம். ஆனால் அவருடைய சட்டை தோளில் தொங்கியதை நாங்கள் அனைவரும் கண்டோம். கண்டும் கேட்கவில்லை. கேட்டால் அக்குடும்பம் சங்கடப்படும் என்று எண்ணினோம். நம் மரியாதையே அவருக்குத் தனிமையாகிவிட்டது.

ஆகவே எங்கள் கருத்தைத் தெளிவாக முன்வைக்கிறோம். ஒவ்வொரு மஹல்லாவிலும், காசநோய்க்கு மருந்து உண்ணும் ஏழைக் குடும்பத்திற்குச் சிகிச்சை முடியும்வரை, பெரும்பாலும் ஆறு மாதம், முழு வீட்டிற்கும் அரிசியும் பருப்பும் முட்டையும் எண்ணெயும் வழங்கும் பொறுப்பை ஜமாஅத்தின் பைத்துல்மால் ஏற்க வேண்டும். ரமளானில் ஒரு மாதம் முழுவதும் நோன்புக் கஞ்சி காய்ச்சி ஊருக்கே வழங்கும் ஆற்றல் நம் பள்ளிவாசல்களுக்கு உண்டு. அந்த ஆற்றலில் சிறு பகுதி இதற்குப் போதும்.

அரசு பணம் தருகிறதே என்பர் சிலர். உண்மைதான். 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது; 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாயிற்று. அதனை ஒவ்வொரு நோயாளியும் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் சம்பாதிப்பவர் படுத்துவிட்ட வீட்டில் ஆயிரம் ரூபாய் வாடகைக்கும் காணாது. மேலும், அப்பணம் நோயாளிக்கு உரியது. அவரோடு ஒரே அறையில் உறங்கும் பிள்ளைகளின் தட்டிலும் உணவு இருந்தால்தான் அடுத்த நோயாளி உருவாவதைத் தடுக்க முடியும் என்பதன்றோ ஜார்க்கண்ட் ஆய்வு சொல்வது?

பெயர் வெளியாகிவிடுமே என்ற அச்சம் இன்னும் வலுவானது. அதற்கும் வழியுண்டு. காசநோய்க்கென்று தனிப் பட்டியல் வேண்டா. டயாலிசிஸ், புற்றுநோய், காசநோய் என எதுவாயினும் ‘நோயுற்ற குடும்பங்களுக்கான உதவி’ என்ற ஒரே பெயரில் செல்லட்டும். விவரம் இமாமுக்கும் பொறுப்பாளர் ஒருவருக்கும் மட்டும், அதுவும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு தெரிந்தால் போதும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுக்கப் பயிற்றுவிக்கப்பட்ட சமுதாயத்திற்கு இது கடினமன்று. ஜகாத் நிதியை எவருக்கு, எவ்வாறு வழங்குவது என்பதை ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டும். ஸதகாவிற்கோ அண்டை வீட்டாரின் மதம் தடையன்று. காற்றில் பரவும் நோயும் மதம் பார்ப்பதில்லை.

உணவோடு சேர்த்துப் பேச வேண்டியவை இன்னும் நான்கு உள்ளன.

முதலாவது, நோன்பு. ரமளானில் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உள்ளனர். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வடிவம் பெறக்கூடும். பின்னர் சிகிச்சை மேலும் கடினமாகும். நோயாளி நோன்பை விட்டுப் பிறகு நோற்பதற்கு மார்க்கமே சலுகை அளித்திருக்க, அதனை ஏற்பதில் வெட்கம் எதற்கு? நோற்கும் உடல்நிலை உள்ளதா, மருந்து வேளையை மாற்றலாமா என்பதை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்க வேண்டும். இம்மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாவதைக் கண்டு அஞ்சி நிறுத்துவோரும் உண்டு. அது மருந்தின் நிறமேயன்றி இரத்தமன்று.

இரண்டாவது, சர்க்கரை. 2012 இல் வெளியான ஆய்வு ஒன்று, தமிழகக் காசநோயாளிகள் 827 பேரைப் பரிசோதித்தது. நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. மேலும் நான்கில் ஒருவர் அதன் விளிம்பில் இருந்தார். நம் வீடுகளில் சர்க்கரை நோயாளி இல்லாத வீடு அரிது. அவர்களுக்கு இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. காசநோய் உள்ளவரும் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, புகை. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றிய ஆய்வு 2003 இல் வெளியாயிற்று. நகர்ப்புறத்தில் புகைப்பவர் காசநோயால் இறக்கும் விகிதம், புகைக்காதவரைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் என்று அது கண்டது. புகையிலையைப் புற்றுநோயோடு மட்டும் சேர்த்துப் பேசிப் பழகிவிட்டோம். பள்ளிவாசல் வாயிலைத் தாண்டியதும் சிகரெட்டைப் பற்றவைக்கும் சகோதரர்கள் இவ்வெண்ணைச் சிந்திக்க வேண்டும்.

நான்காவது, நிக்காஹ். காசநோய் குணமாகும் நோய். முழுச் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தவரின் திருமணத்திற்கோ, அவருடைய தங்கையின் திருமணத்திற்கோ அது தடையாக இருக்க வேண்டிய காரணம் மருத்துவத்திலும் இல்லை, மார்க்கத்திலும் இல்லை. பெண் பார்க்கச் செல்லும் பெரியவர்கள் இதனை வெளிப்படையாகச் சொன்னால், பல வீடுகளில் இருமலை மறைக்கும் தேவையே இராது. மறைக்கும் நாட்கள் குறைந்தால் சிகிச்சை விரைவில் தொடங்கும். உடன் வசிக்கும் சிறுவர்களுக்கும் பரிசோதனையும் தடுப்பு மருந்தும் கிடைக்கும்.

நாட்டின் காசநோய் ஆராய்ச்சிக்கு நம் பகுதி மக்கள் ஏற்கெனவே பெரும்பங்கு அளித்துள்ளனர். 1968 இல், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் ஊர்களும் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இலட்சக்கணக்கானோர் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்குத் தம் கைகளை நீட்டினர். அத்தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்பதே அந்நெடிய ஆய்வு தந்த விடை. குழந்தைகளைக் கடும் காசநோயிலிருந்து காக்க அது இன்றும் போடப்படுகிறது. பெரியவர்களைக் காக்கும் ஊசி இன்னும் நம் கைக்கு வரவில்லை. அரிசியும் பருப்பும் கையில் இருக்கின்றன.

எங்கள் தெருவில் இப்பொழுது மாதம் ஒரு வீட்டிற்கு ஒரு மூட்டை செல்கிறது. இதற்கு மேல் சொல்லப்போவதில்லை. அந்தத் தாயாரிடம் யோசனை கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: “முட்டையும் சேர்த்துக் குடுங்கம்மா.”

மரண வீட்டிற்கு நாம் அனுப்பும் உணவு ஆறு மாதம் முன்னதாகவே புறப்படட்டும். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக. அண்டை வீட்டின் பசியை அறியும் கண்களை நமக்குத் தருவானாக. ஆமீன்.