கொத்தனார் இருக்கிறார், செங்கல் எங்கே?

பதினான்கு வயதுப் பிள்ளை பத்து வயதுப் பிள்ளைபோல் நிற்கிறான். உடன் படிப்பவனுக்கு மீசை அரும்பிவிட்டது. இவனுக்குக் குரல்கூட உடையவில்லை. சிஸ்டிக் பைப்ரோசிஸ் எனும் நோயுடன் பிறந்த பிள்ளைகள் பலரின் நிலை இது. “வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுங்கள், வளர்ந்துவிடுவான்” என்கிறார்கள் சிலர். அவ்வளவு எளிதா? இல்லை என்கிறோம் நாம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்து சேர்ந்தால் வரும் நோய் இது. உடலில் ஊறும் நீர் பிசினாய்க் கெட்டிப்பட்டு நுரையீரலை அடைக்கிறது. கணையத்தின் வாய்க்காலையும் அடைக்கிறது. கணையநீர் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பு செரிக்குமா? தட்டு நிறைய உணவு, உடலிலோ பஞ்சம்!

மூளையடிச் சுரப்பி பெரும்பாலும் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அது அனுப்பும் வளர்ச்சி ஹார்மோனின் கட்டளையைக் கேட்டு, கல்லீரல் ஐ.ஜி.எப்.-1 எனும் பொருளை ஆக்கவேண்டும். ஊட்டக் குறைவும் நுரையீரலின் ஓயாத அழற்சியும் அதைக் குன்றச் செய்கின்றன. கொத்தனார் கரண்டியுடன் நிற்கிறார், தோழர்களே. செங்கல் வந்து சேரவில்லை! கணையம் மேலும் சிதைந்தால் இன்சுலினும் குறைகிறது. சர்க்கரைக்கு மட்டுமா இன்சுலின்? தசை வளரவும் அதுதான் வேண்டும். நீரிழிவு என்று மருத்துவர் பெயர் சூட்டும் முன்பே பிள்ளை இளைக்கத் தொடங்கிவிடுகிறான்.

ஹார்மோன் ஊசியைச் சோதித்துப் பார்க்காமல் இல்லை. உயரம் கூடியது, எடையும் கூடியது. ஆயுள் கூடியது என்பதற்குத்தான் சான்றில்லை.

ஆயுளைக் கூட்டியது எது? 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வு பேசட்டும். அமெரிக்காவின் பாஸ்டன், கனடாவின் டொரண்டோ—இரு நகரத்து மருத்துவமனைகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 500 நோயாளிகள். கொழுப்பு செரிக்கவில்லையே, குறைத்து உண் என்றது பாஸ்டன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது! செரிக்காததற்கு நொதி மாத்திரை தருகிறோம், வெண்ணெயும் பாலும் வேண்டுமட்டும் உண் என்றது டொரண்டோ. நுரையீரலின் திறன் இரு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் டொரண்டோப் பிள்ளைகள் உயரமாக வளர்ந்தார்கள். வாழ்நாளின் இடைநிலைக் கணக்கு பாஸ்டனில் 21 ஆண்டு, டொரண்டோவில் 30! குறைத்து உண் என்ற அறிவுரைக்குப் பிள்ளைகள் கொடுத்த விலை அது.

இன்று நோயின் வேரிலேயே கைவைக்கும் மாத்திரையும் வந்துவிட்டது. டிரைகாப்டா என்று பெயர். 2019 அக்டோபரில் அமெரிக்க அரசு இசைவளித்தது. உண்டவர்களுக்கு மூச்சு சீராகிறது, எடை ஏறுகிறது. மகிழ்கிறோம், விஞ்ஞானிகளை வணங்குகிறோம். ஆனால் விற்க வந்த வெர்டெக்ஸ் நிறுவனம் வைத்த விலை என்ன தெரியுமா? ஓராண்டுக்கு 3 லட்சம் டாலருக்கும் மேல்! எந்தத் தொழிலாளியின் வீட்டில் இருக்கிறது அந்தப் பணம்? காப்புறுதியோ அரசோ கைகொடுக்காத நாட்டில், அந்த மாத்திரை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பண்டம்தானே? நொதி மாத்திரையைக்கூட ஒவ்வொரு வேளை உணவோடும், வாழ்நாள் முழுதும் விழுங்கவேண்டும். அதையாவது அந்தந்த நாட்டு அரசுகள் தடையின்றித் தரட்டும். ஹார்மோன் ஊசியைப் பற்றிப் பிறகு பேசலாம்.