ஒற்றை நாற்காலிக் கணக்கு

போன ஞாயிறு எடமலைப்பட்டி புதூர் மாலை வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, நீட் பாஸ் பண்ணி மெடிக்கல் காலேஜுக்குள்ள போயிட்டா நம்ம சண்டை முடிஞ்சிருமா?"

முடியாது. யார் பேராசிரியர், யார் துறைத் தலைவர், யார் வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் போடுபவர் என்பதையெல்லாம் பதவி உயர்வுதான் தீர்மானிக்கிறது. அங்கேதான் கதவை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவன வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது: ஒரே ஒரு பணியிடம் இருந்தால் அதில் இட ஒதுக்கீடு கூடாது, சுழற்சி முறையிலும் கூடாது. கொடுத்தால் அது நூறு சதவீத ஒதுக்கீடு ஆகிவிடுமாம்.

கணக்கைப் பாருங்கள். 20 துறைகள், துறைக்கு ஒரு பேராசிரியர் என்று வையுங்கள். சம்பளம் ஒன்று, பதவிப் பெயர் ஒன்று. சேர்த்து எண்ணினால் தமிழ்நாட்டின் 18 சதவீதப்படி பட்டியலினத்தவருக்கு மூன்று நாற்காலி வரும். தனித்தனியாக எண்ணினால் பூஜ்யம். சேரியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஓட்டைச் செல்லாக்காசாக்கும் அதே தந்திரம்!

"உயிர் காக்கும் துறை, தகுதி முக்கியம்" என்பார்கள். 1992 மண்டல் தீர்ப்பே உயர் சிறப்பு மருத்துவத்தையும் பேராசிரியர் பதவியையும் அப்படித்தான் ஒதுக்கிப் பேசியது. பதவி உயர்வுக்கு நிற்பவர் யார்? அதே பட்டம் பெற்று, அதே வார்டில் ஆண்டுக்கணக்கில் உழைத்த மருத்துவர். நேற்றுவரை அறுவை செய்த கை, இன்று நாற்காலி கேட்டதும் தகுதி இழந்துவிடுமா?

1995இல் 16(4ஏ) வந்தது. 2006இல் நாகராஜ் தீர்ப்பு அதற்குப் புள்ளிவிவர நிபந்தனை போட்டது. 2019 மத்தியச் சட்டம் கல்வி நிறுவனத்தையே ஓர் அலகாக எண்ணச் சொன்னது. ஆனால் மத்திய நிறுவனங்களுக்கு மட்டும், நேரடி நியமனத்துக்கு மட்டும். சமூகநீதி மண் என்று மார்தட்டும் தமிழ்நாட்டிலோ பதவி உயர்வில் நமக்கு ஒதுக்கீடே இல்லை. இனச்சுழற்சிப்படி முதுநிலை வழங்கிய 2016 சட்டப் பிரிவையும் 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

புள்ளிவிவரம் திரட்டுவது அரசின் கடமை, அதைப் பணிநிலை வாரியாகத் திரட்ட வேண்டும் என்று 2022 ஜர்னைல் சிங் தீர்ப்பு சொல்லிவிட்டது. அந்தக் கணக்கு எங்கே?

தோழர்களே, ஆளுக்கொரு தகவல் உரிமை மனு போடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர்: ஒவ்வொரு நிலையிலும் எஸ்சி, எஸ்டி எத்தனை பேர்? பதில் வந்தால் நமக்கு ஆதாரம். வராவிட்டால் அதுவும் ஆதாரம்தான்.

ஜெய்பீம்.